குடும்பத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வா

நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் தினமும் பொழுது விடிந்ததும் யாராவது ஒரு படம் போட்டுவிடுகிறீர்கள். அரிக்கேன் விளக்கு, அம்மிக்கல், கட்டை வண்டி. கீழே ‘அந்தக் காலம் போல வருமா’ என்று ஒரு வரி. உடனே ஆளாளுக்குக் கைகூப்புகிறீர்கள். நானும் பொறுத்துப் பொறுத்துத்தான் பார்த்தேன். நேற்று ஒருவர் ‘அப்போதெல்லாம் ஏழை எளியவர் வாசலுக்கே அரசாங்கம் வந்து வீடு கொடுத்தது’ என்று எழுதியிருந்தார். அதற்குமேல் முடியவில்லை. எங்கள் வாசலுக்கும் வந்தது. வாசல் இருந்ததே தவிர, வீடு விழுந்து கிடந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு, மனசு வந்தால் கைகூப்புங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. விழுப்புரத்தில் ஏரி ஓரத்துப் புறம்போக்கில் எங்கள் குடிசை இருந்தது. அம்மா மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலைத் தோல் உரிக்கிற மில்லில், வேலை செய்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் தோல் தூசி படிந்து செம்மண் நிறத்தில் இருக்கும். அவள் புடவையில் எப்போதும் பச்சை மல்லாட்டை வாசனை. அப்பா லாரி டிரைவர். அவர் எங்களோடு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விடாமல் பெய்த மழையில் ஒருநாள் காலையில் ஏரிக்கரை உடைந்தது. நாங்கள் ரோட்டு மேட்டில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மண்சுவர் இடிந்து விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. டீயில் நனைத்த ரொட்டி மாதிரி அப்படியே உட்கார்ந்தது. அம்மாவின் கல்யாணத் தகரப் பெட்டி கூரைக்கடியிலிருந்து மெதுவாக வெளியே வந்து, மூடியில் வரைந்திருந்த கிளி மேலே தெரிய, யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி மிதந்து போனது. அந்தப் பெட்டியைத் திறந்தால் அந்துருண்டையும் பழைய பட்டும் கலந்து ஒரு வாசனை வரும். அப்படி ஒரு வாசனையை அப்புறம் நான் எங்கேயும் முகர்ந்ததில்லை. அப்பாவை ஸ்டுடியோவில் எடுத்த ஒரே போட்டோவும் அதில்தான் இருந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் எங்களைத் தங்க வைத்தார்கள். ஈரச் சாக்கும், புளிசாதப் பொட்டலமும், குழந்தைகளின் மூத்திரமும் சேர்ந்த நாற்றம். ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். ஊருக்கு வெளியே கரம்பில் காலனி வீடு கட்டுகிறார்கள், வீடு போனவர்களுக்கு அதில் இடம் உண்டு என்றார். பெண்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“பேரு சொல்லும்மா.”

அம்மா தன் பெயரைச் சொன்னாள்.

“உன் பேரை யாரு கேட்டா? குடும்பத் தலைவர் பேரு.”

“நான்தாங்க குடும்பத்தைப் பாத்துக்கினு இருக்கேன்.”

“பாத்துக்கோ, யாரு வேணான்னா? தலைவர் எங்கே? ரேஷன் கார்டு எங்கே?”

இந்த இரண்டு கேள்விக்குமே அம்மாவிடம் இருந்த பதில் ஒன்றுதான். “திண்டிவனத்துல இருக்குதுங்க.”

நடந்தது இதுதான். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் அப்பா எங்கள் கார்டை எடுத்துக்கொண்டு போனார். இனிமேல் லோடு எல்லாம் திண்டிவனத்தில்தான், கார்டை அங்கே மாற்றிக்கொண்டால் சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்க வசதி என்றார். கார்டு போனது. பின்னாலேயே அவரும் போனார். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். அப்புறம் அமாவாசைக்கு. அப்புறம் இல்லை. அங்கே ரொம்ப நாளாகவே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஊரே பேசியது. எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று திண்டிவனம் போனார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே சேதி உண்மை என்று கேட்டுவிட்டு, அவள் வீட்டு வாசலை நான் மிதிப்பதா என்று ரோஷப்பட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். “இனிமே அந்த ஊர்ப் பேச்சே எடுக்காதக்கா,” என்றார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எவ்வளவோ மிச்சமாயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மழை விட்டதும் வராந்தாவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாமாவின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஒற்றை ரூம். மாமி முழுகாமல் இருந்தாள். அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரங்களை வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. பிரசவத்துக்கு முன்னால் நாங்கள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

அம்மா மில்லுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பச்சையும் வெள்ளையுமான ஒயர் கூடையில் தண்ணீர் பாட்டிலையும் என்னையும் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். என்னைக் கூடையில் வைக்கவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அப்படித்தான் என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். படிக்கத் தெரிந்தவள் நான்தான்.

ஆபீஸ் வேப்பமரத்தடியில் எங்களைப் போல நிறைய பெண்கள். யாருக்கும் புருஷன் பக்கத்தில் இல்லை. ஒருத்தியின் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், ஒருத்தியின் புருஷன் சாராயக் கடையே கதியென்று கிடப்பவன், ஒருத்தியின் புருஷன் சன்னியாசம் போனவன். உள்ளே போனால் கிளார்க் தலையைத் தூக்காமல் கேட்பார்.

“கார்டு?”

“திண்டிவனத்துல இருக்குதுங்க.”

“அப்போ நீயும் திண்டிவனத்துலதான் இருக்கே.”

“இல்லீங்க, நான் இங்கதான இருக்கேன். உங்க முன்னாடி நிக்கிறேனே.”

“நீ நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. கெவுருமெண்டுக்குத் தெரிய வேணாமா?”

ஒருநாள் அந்தச் சாராயக் குடிகாரனின் பெண்டாட்டி எப்படியோ அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனால் நிற்க முடியவில்லை. அவள் ஒரு பக்கம், அவள் நாத்தனார் ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கிளார்க் முன்னால் நிறுத்தினார்கள். கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு பேரைக் கேட்டார். அவன் ஏதோ உளறினான். “சரி, சரி, தலைவர் நேரில் ஆஜர்,” என்று எழுதிச் சீட்டுக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் அவன் வேப்பமரத்து வேரில் விழுந்து தூங்கிவிட்டான். அவன் பெண்டாட்டி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “நிக்க முடியாதவனுக்கு ஊடு. நாள் பூரா நிக்கிற எனக்கு இல்ல,” என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கிளார்க்கே ஒரு வழியும் சொன்னார். புருஷன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், விதவை என்ற வகையில் வேலை சுலபம். மாமாவுக்கு இந்த யோசனை பிடித்துப் போயிற்று. “தாலியக் கழட்டி வெச்சிட்டு ஒரு மனு குடுத்துடுக்கா. அந்த ஆளு இருந்தா இன்னா, செத்தா இன்னா?”

அம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “செத்தா சேதி வரும். அதுவரைக்கும் உசுரோடதான் இருக்கணும். எனக்குப் பதில் சொல்லாம அந்த ஆளு எப்பிடிச் சாவான்?”

கடைசியில் ஒருநாள் மாமாவிடம் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறினாள். எப்படியாவது கார்டிலிருந்து எங்கள் பெயரைப் பிரித்துக்கொண்டு வந்துவிடுவது. அதுதான் திட்டம். “அந்தத் திண்டிவனத்துக்காரி கண்ணுல பட்டா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. நீ என் கையைப் புடிச்சிக்கோ,” என்றாள். விக்கிரவாண்டி வரும்வரை அவள் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தன.

கார்டு ஆபீசில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நீள பெஞ்சில் காத்திருந்தோம். கோந்து, பழைய காகிதம், மேஜைக்கடியில் யாரோ வைத்திருந்த மதிய சாப்பாட்டின் ஊறுகாய் எல்லாம் சேர்ந்து அடித்தது. ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு ஒல்லியான பெண். அவள் மடியில் நாலு வயதுப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய ஜாக்கெட்டின் விளிம்பு முழுக்க ஊசிகள் குத்தியிருந்தன. ஏதோ டெய்லர் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் என்று அம்மா என் காதில் சொன்னாள். அந்தப் பெண் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா மடியிலிருந்து வறுத்த மல்லாட்டை எடுத்து அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தாள். இருவரும் ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே தின்றார்கள்.

பியூன் கதவருகே வந்து அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். “இவுரு சம்சாரம் யாரு? எந்திரி.”

அம்மா எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணும் எழுந்தாள்.

பியூன் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஒருத்தர்தான் வரணும்,” என்றார்.

அம்மா என் கையைப் பிடிக்கச் சொன்னது நினைவுக்கு வந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அம்மா அசையவே இல்லை. கையிலிருந்த மல்லாட்டைத் தோல் மட்டும் கீழே உதிர்ந்தது. அந்தப் பெண்தான் முதலில் பேசினாள், ரொம்ப மெதுவாக.

“அவரு நல்லா இருக்காராக்கா?”

“இன்னா கிண்டலா? உன் ஊட்ல இருக்கிற ஆளை என்னைக் கேக்கிறே?”

“என் ஊட்லயா?” என்றாள் அவள். “அவரு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதே. பெரிய சம்சாரத்துகிட்டயே போறேன், என்னைத் தேடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. உங்களோடதான் இருக்காருன்னு நெனைச்சிக்கினு இருக்கேன்.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு வருஷம். மில்லில் தோல் புடைக்கும்போதும், ஏரியில் துணி துவைக்கும்போதும், சாமி கும்பிடும்போதும்கூட இந்த ஒருத்தியைத்தான் அவள் சபித்துக்கொண்டிருந்தாள். இவளும் அங்கே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டே எங்களைச் சபித்திருக்கலாம். அம்மா நிமிர்ந்தாள்.

“என்கிட்ட உன்னைச் சொல்லிட்டுப் போனான். உன்கிட்ட என்னைச் சொல்லிட்டுப் போயிருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே பொய். வேற ஒரு பொய்கூட யோசிக்கத் துப்பில்ல.”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். தூங்கி எழுந்த குழந்தை என்னையே பார்த்தது. அதற்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவே சந்து. எனக்கும் அப்படித்தான். அப்பாவுக்கும்.

விஷயம் என்னவென்றால், அவளும் வீட்டுக்குத்தான் அலைந்துகொண்டிருந்தாள். டெய்லர் கடைக்குப் பின்னால் அவள் குடியிருந்த ரூமை, ஆம்பிளை இல்லாத வீடு என்று சொல்லிக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திண்டிவனத்து ஆபீசும் அவளைத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தது. தலைவர் ஒருவர், கார்டு ஒன்று. ஒரு கார்டுக்கு ஒரு வீடுதான். ஆக, இவள் அவளுக்குத் தடை, அவள் இவளுக்குத் தடை.

உள்ளே கிளார்க் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அன்றைக்கு அலுப்புத் தீர ஒன்று கிடைத்துவிட்டது.

“இதுல யாரு அசலு?”

அந்தப் பெண் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். “இவங்கதான் சம்சாரம் சார். எனக்கும் அவருக்கும் கல்யாணமே நடக்கல. என் பேரை எடுத்துட்டு ஊட்டை இவங்களுக்கே குடுத்துடுங்க.”

நான் பெரியவளாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, ஒரு பெண் அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், பக்கத்தில் குழந்தையை நிறுத்திக்கொண்டு, அப்படிச் சொல்வதென்றால் என்ன என்று. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு கிடைத்துவிட்டது.

கிளார்க் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பி, “அப்போ இது எந்த வகையில சேத்தி? அதுக்கு ஃபாரத்துல கட்டமே கெடையாதே,” என்றார். அவரும் சிரித்தார். ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“இன்னாய்யா சிரிப்பு? மயிலத்துல சாமி முன்னாடி தாலி கட்டினான் அந்த ஆளு. எங்க ஊரு லாரிக்காரங்க கூட நின்னு பாத்துட்டு வந்து என்கிட்டயே சொன்னாங்க. இவளும் சம்சாரம்தான். நானும் சம்சாரம்தான். ஓடிப்போனவனைப் புடிக்கத் துப்பில்ல, நிக்கிறவளைப் பாத்துச் சிரிக்கிறீங்களா?”

“அக்கா, வேணாங்க்கா,” என்று அவள் அம்மாவின் முழங்கையை இழுத்தாள்.

“நீ கம்முனு இரு. உன்னை யாரு இப்போ பொய் சொல்லச் சொன்னது?”

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஆபீசர் வெளியே வந்தார். கையில் பாதி தின்ற வாழைப்பழம். ரிட்டையர் ஆகப் போகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. கதை முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தலைவலிக்காரன் முகம் மாதிரி ஆனது. “ரெண்டு பேரையும் சம்சாரம்னு ஒரே கார்டுல போடு. கார்டை விழுப்புரத்துக்கு மாத்து. அங்க ஏரி உடைஞ்ச லிஸ்டுல ஒரு ஊடு எழுதச் சொல்லு. ரெண்டு பேரும் அதுலயே இருக்கட்டும். ஜல்தி முடி.”

“இவளோடயா?” என்றாள் அம்மா.

“அய்யோ, அக்காவோடயா?” என்றாள் அவள்.

“வேணும்னா எடுத்துக்கோ. வேணாம்னா போ. இதே பேஜாருதான் தெனைக்கும்,” என்று அவர் பழத்தோலைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பெரிய பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நிம்மதி அவர் நடையில் தெரிந்தது. ஒரு ரூமுக்குள் ரெண்டு பெண்டாட்டிகளை வைத்து அடைப்பது தீர்ப்பு என்று அந்தப் படித்த மனுஷனுக்கு எப்படித்தான் தோன்றியதோ!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். “தியாகம் பண்றாளாம் தியாகம். நான் இன்னா பிச்சையா கேட்டேன்?” கொஞ்ச தூரம் போனதும் தன்னையே திட்டிக்கொண்டாள். “வாயை மூடிக்கினு இருந்திருந்தா முழு ஊடு வந்திருக்கும். என் வாயி, என் வாயி.” கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள். அவர்களையும் முறைத்தாள்.

காலனி வீடு வெயில் காலத்தில் முடிந்தது. செங்கல் சுவர், பூசாத தரை, சாத்தினால் சாத்திக்கொள்ளாத கதவு. சுண்ணாம்பு வாடை மூக்கை அரித்தது. சின்னம்மா, இனி அவளை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள், ஒரு தகர டிரங்கும் குழந்தையுமாக வந்து இறங்கினாள். முதல் நாளே அடுப்பு எந்த மூலை என்பதில் சண்டை. அப்புறம் கொடிக்கயிறுக்குச் சண்டை. கேப்பைக் கூழில் உப்புக்குச் சண்டை. “அந்த ஆபீசரு சாபம்,” என்பாள் அம்மா. ஆனால் அம்மா மில்லுக்குப் போனால் சின்னம்மா என் தலையை வாரிவிடுவாள். சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா அவள் காஜாத் துணியை எடுத்துவைத்துக்கொண்டு, கோணலும் மாணலுமாகத் தைத்து, திட்டு வாங்கினாள்.

வீடு அப்பாவின் பெயரில்தான் வந்தது. வேறு யார் பெயரில் வரும்? அலைந்தவர்கள் பெயரிலா? அதனால் அடிக்கடி யாராவது சரிபார்க்க வருவார்கள். “குடும்பத் தலைவர் எங்கே?” தலைவர் இல்லை என்று சொன்னால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். “லாரிக்குப் போயிருக்காருங்க,” என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். மற்ற எந்த விஷயத்திலும் அவர்கள் குரல் ஒத்துப்போய் நான் கேட்டதில்லை.

அந்தக் கோடை முடிவதற்குள் ஒரு மத்தியானம் அப்பாவே வந்தார். நானும் தங்கச்சியும், சின்னம்மாவின் மகள்தான், வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். வெயிலில் கண் கூசியது. முதலில் ரெக்ஸின் பைதான் தெரிந்தது. அப்புறம் அந்த ஆள். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், பல்சந்து தெரிந்தது. எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, ஆனால் எழுந்திருக்கவே முடியவில்லை.

கதவருகே அம்மாவும் சின்னம்மாவும் வந்து நின்றார்கள். வாசல் சின்னது, ரெண்டு பேர் நின்றால் உள்ளே எதுவும் தெரியாது.

“ஊடு எம் பேர்ல வந்திருக்குதாமே,” என்றார் அப்பா. “செஞ்சில ஒருத்தன் சொன்னான்.”

அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ரெண்டு பெண்களையும் ஒன்றாகப் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது.

அம்மா, ஆபீஸ்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “ஊட்டுக்காரரு லாரிக்குப் போயிருக்காரு. எப்போ வருவாருன்னு தெரியாதுங்க.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். அவள் எப்போதும் அவருக்காக இளகுகிறவள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள். “வெளியூருங்க.”

அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பிறகு வந்த வழியே கரம்பில் நடந்து போனார். காலனி முனை திரும்புகிற இடத்தில் திரும்பிப் பார்ப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு சீறியது.

தங்கச்சிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் போனபோது அவள் ரொம்பச் சின்னவள். “யாருக்கா அது?” என்று என்னைக் கேட்டாள்.

உள்ளேயிருந்து அம்மாதான் சொன்னாள்.

“யாரோ ஆபீசுலேந்து வந்தாங்க. நீ மல்லாட்டைய உரி.”